புல்மோட்டை மணலும் புதிய தாடையும்

இலங்கையில், புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் கலந்திருக்கின்றன. பல பத்தாண்டுகளாக அவை கப்பலேறிப் போகின்றன. இரண்டிலும் உள்ள உலோகம் டைட்டேனியம். உலகில் கிடைக்கும் டைட்டேனியத் தாதுவில் பெரும்பங்கு வெள்ளை நிறமிக்கே போகிறது. சிறு பங்குதான் உலோகமாகிறது. அதிலும் சிறு பகுதி, புற்றுநோய்க்குத் தாடையை இழந்தவர்களின் முகத்துக்குள் தகடாகவும் திருகாணியாகவும் போய்ச் சேர்கிறது. மணலை உலோகமாக்கும் ஆலை இங்கில்லை. தகட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும்.

இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். முக்கிய காரணம் வெற்றிலைக்குள் இருக்கிறது. புகையிலை சேர்க்காமல் போட்டால் கெடுதியில்லை என்று நம்புவோர் இன்னும் நிறையப் பேர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. இரவெல்லாம் கடலில் விழித்திருக்க வெற்றிலையைத் துணையாகக் கொள்ளும் தொழிலாளிக்கு இந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் பெரிய கவலை.

கட்டி எலும்புக்குள் இறங்கிவிட்டால் தாடையின் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டும். முன்பெல்லாம் அதோடு முகவாய் உள்வாங்கிவிடும். மெல்ல முடியாது, எச்சில் ஒழுகும். நோய் போனாலும் வீட்டை விட்டு வெளியே வர மனம் வராது. 1989இல் நியூயோர்க்கின் டேவிட் ஹிடால்கோ, காலெலும்பைக் கொண்டு தாடையைக் கட்டியெழுப்பும் முறையை வெளியிட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடல் எடையைத் தாங்குவது பருத்த எலும்பு. வெளிப்பக்க மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்கலாம். அதை அதன் நாடி, நாளத்தோடு எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழே கழுத்து இரத்தக் குழாய்களோடு தைக்கிறார்கள். எலும்பு உயிரோடு பொருந்தி ஒட்டிக்கொள்கிறது.

சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. காலெலும்பு நேர், தாடை வளைவு. ஆப்பு ஆப்பாக வெட்டி வளைக்க வேண்டும். எங்கே, எந்தக் கோணத்தில் என்பதைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கண்ணளவில் தீர்மானித்தார்கள். இப்போது தாடையையும் காலையும் சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் முன்கூட்டியே வெட்டிப் பார்க்கிறார்கள். பிறகு வெட்டுக்கோட்டைக் காட்டும் அச்சுகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு, அந்த நோயாளிக்கென்றே தகட்டைச் செய்கிறார்கள். நேரம் மிச்சம், எலும்பு முனைகள் இடைவெளியின்றிச் சேர்கின்றன. டைட்டேனியம் துருப்பிடிக்காது, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பெரிய தடையாகாது.

இவ்வளவும் விலை கூடிய ஏற்பாடு. ஆனால் தாடையின் மாதிரியை மட்டும் அச்சிட்டு, சாதாரணத் தகட்டை முதல் நாளே அதன்மேல் வளைத்து வைத்துக்கொள்ளும் எளிய வழியும் உண்டு. நம்மைப் போன்ற நாட்டுக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது கழுத்து. வாய்ப்புற்று முதலில் பரவுவது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு. வெளியே தட்டுப்படாவிட்டாலும் அவற்றை முன்கூட்டியே அகற்றுவதா, பொறுத்திருப்பதா? மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் அனில் டி குரூஸ் குழுவினர் 2015இல் விடை சொன்னார்கள்: ஆரம்பநிலை நோயாளிகளில் முன்கூட்டியே அகற்றியவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் 80 வீதம், காத்திருந்தவர்களில் 67.5 வீதம். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் அகற்றினால் தோள் வலிக்கும், கையை உயர்த்தச் சிரமம். அதைக் குறைக்கத்தான் காவற்கணுப் பரிசோதனை. கட்டியருகே கதிரியக்க மருந்தையோ, அகச்சிவப்பு ஒளியில் மின்னும் பச்சைச் சாயத்தையோ செலுத்தினால், அது முதலில் போய்ச் சேரும் கணு அடையாளம் தெரியும். அதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அதில் புற்று இல்லையென்றால் மற்றவை தப்பும். 2020இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், நோய் மீளாத விகிதம் இரு முறைகளிலும் ஒத்திருந்தது. கணுவை மிக மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கும் நோயியல் வசதி இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

றோபோ சத்திரசிகிச்சை? தொண்டையின் உட்பகுதிக் கட்டிக்கு அது உதவும். நாக்கின் முன்பகுதிக்கும் கன்னத்துக்கும் நிபுணரின் கையே எட்டும். புதியது என்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் லப்பரஸ்கோப்பி, றோபோ மூலம் செய்த சத்திரசிகிச்சைக்குப் பின் நோய் கூடுதலாகத் திரும்பியதை 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அந்தச் சிகிச்சை பெரும்பாலும் வழக்கமான திறந்த முறைக்கே திரும்பியது.

நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் பெரிய இயந்திரம் தேவையில்லை. கேரளத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தே, புகையிலை அல்லது மது பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று மரணங்களை 34 வீதம் குறைத்தார்கள். 2005இல் வெளியான முடிவு அது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கும் அளவு சுருங்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள்.

முற்றிய நோயென்றால் சத்திரசிகிச்சையோடு முடியாது. ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும்; வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் புல்மோட்டையிலிருந்து தினம் போய்வர இயலாது. இடையில் நிறுத்தினால் பலன் குறையும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் அன்றே கதிர்வீச்சு எங்கே, எப்போது என்று கேளுங்கள். தங்குமிடத்தையும் கூட இருக்கப்போகிறவரையும் அன்றே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.