திருகோணமலைத் துறைமுகம்: புவியியலும் கடல்வழி வரலாறும்

திருகோணமலைத் துறைமுகம் என்பது இலங்கைத் தீவின் வடகிழக்குக் கரையில் அமைந்துள்ள ஓர் இயற்கைத் துறைமுகம் ஆகும். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இதன் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,630 எக்டேர். நுழைவாயிலின் அகலம் ஏறத்தாழ 500 மீட்டர். கொழும்புத் துறைமுகத்தைவிடப் பல மடங்கு பெரியதாகவும் ஆழமானதாகவும் இருந்தும், தற்கால வரலாற்றில் இது பெரிய வணிகத் துறைமுகமாக வளரவில்லை. போர்க்கப்பல்களின் தளமாகவே அறியப்பட்டது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, துறைமுகத்தின் நில அமைப்பு, பருவக்காற்று, பின்னிலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமைவிடமும் நில அமைப்பும்

மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் கிழக்கு நோக்கித் திறந்த அகன்ற குடா ஒன்று உள்ளது. இது கொட்டியாரக் குடா எனப்படும். குடாவின் தென்கரையில் மூதூரும் சம்பூரும், மேற்கே கிண்ணியாவும், வடக்கே திருகோணமலை நகரும் அமைந்துள்ளன. கொட்டியாரக் குடாவின் வடமேற்கு மூலையில் உள்ள குறுகிய வாயிலின் வழியாக உள்துறைமுகத்துக்குள் நுழையலாம். வாயிலின் ஒரு பக்கத்தை ஒஸ்டன்பேர்க் முனை காக்கிறது. உள்ளே சோபர் தீவு போன்ற சிறு தீவுகளும், சீனன்குடா போன்ற கிளைக் குடாக்களும் காணப்படுகின்றன. மேற்கே தம்பலகாமக் குடா ஆழம் குறைந்த களப்பாக நிலத்துக்குள் நீண்டு செல்கிறது.

திருகோணமலை நகரம் இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையிலான ஒடுங்கிய நிலத்தில் அமைந்துள்ளது. நகரின் கிழக்குப் பக்கம் திறந்த கடல். மேற்குப் பக்கம் உள்துறைமுகத்தின் அமைதியான நீர். சில நிமிட நடையில் அலையடிக்கும் கரையிலிருந்து குளம் போன்ற கரைக்குச் சென்றுவிடலாம்.

பழங்காலத்தில் கடல்மட்டம் இன்றைய மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தது. அப்போது பாறைக் குன்றுகளுக்கு இடையே இருந்த பள்ளத்தாக்குகள், கடல்மட்டம் உயர்ந்தபோது நீரில் மூழ்கின. குன்றுகள் முனைகளாகவும் தீவுகளாகவும் நின்றன, பள்ளத்தாக்குகள் குடாக்களாயின. கரையை ஒட்டியே கடலடிப் பெரும் பள்ளத்தாக்கு ஒன்றும் தொடங்குகிறது. கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆழமாவதால் நீலத் திமிங்கிலங்களையும் விந்துத் திமிங்கிலங்களையும் இப்பகுதியில் காண முடிகிறது.

இங்கு கடல் ஏற்ற இறக்கத்தின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஓதம் ஏறும்வரை காத்திராமல் எந்நேரமும் கப்பல்கள் உள்ளே வரலாம்.

பருவக்காற்றும் பாய்க்கப்பலும்

திருகோணமலையின் மதிப்பை அறிய எதிர்க்கரையான சோழமண்டலக் கரையைப் பார்க்க வேண்டும். பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரையான அக்கரை பெரும்பாலும் நேரான மணற்கரை. பெருங்கப்பல்கள் ஒதுங்கக்கூடிய இயற்கைக் குடா அங்கு இல்லை. சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின.

தென்மேற்குப் பருவக்காற்றின்போது இந்த முறை ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் அக்டோபரில் காற்றின் திசை மாறி வடகிழக்குப் பருவக்காற்றும் புயல்களும் தொடங்கும்போது, நங்கூரமிட்ட கப்பல் கரையை நோக்கித் தள்ளப்படும். 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொன்னே, அடுத்த மாதமே வீசிய புயலில் தமது கப்பல்கள் சிலவற்றை அங்கேயே இழந்தார். எனவே அக்டோபர் நடுப்பகுதியில் கரையை விட்டு விலகுவது கடற்படைகளின் வழக்கமாயிற்று. ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்தது. ஆனால் அங்கு செல்லத் தீபகற்பத்தைச் சுற்ற வேண்டும். திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும்.

திருகோணமலையோ சோழமண்டலக் கரைக்குத் தெற்கே சில நாள் பயணத் தொலைவில் உள்ளது. வடகிழக்குப் பருவக்காற்று கொட்டியாரக் குடாவின் வெளிப்பகுதியைக் கொந்தளிக்கச் செய்தாலும், வளைந்த வாயிலுக்கு உள்ளே நீர் அமைதியாகவே இருக்கும். வங்காள விரிகுடாவில் போரிடும் கடற்படைக்கு இதைவிட வசதியான ஒதுக்கிடம் அண்மையில் இல்லை. ஐரோப்பியர் இத்துறைமுகத்துக்காக மீண்டும் மீண்டும் போரிட்டதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பண்டைக்காலமும் இடைக்காலமும்

மகாவம்சம் இவ்விடத்தைக் கோகண்ணம் என்ற பெயரால் குறிப்பிடுகிறது. 7 ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருக்கோணமலை இறைவன்மீது பதிகம் பாடினார். இலங்கையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று திருக்கோணேச்சரம், மற்றது மன்னார்ப் பகுதியிலுள்ள திருக்கேதீச்சரம். இரண்டும் துறைமுகங்களை அடுத்து அமைந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

10 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் வட இலங்கையைக் கைப்பற்றிப் பொலன்னறுவையைத் தலைமையிடமாகக் கொண்டனர். பொலன்னறுவைக்கு அண்மையில் பாயும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. எனவே தலைநகருக்கும் கடலுக்கும் இடையே இப்பகுதி வாயிலாக அமைந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் திருகோணமலைப் பகுதியில் பல இடங்களில் கிடைத்துள்ளன. 13 ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தனது கயல் சின்னத்தைப் பொறித்தான் எனக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. இணைக்கயல் பொறித்த கல்லை இன்றும் கோட்டை வாயிலில் காணலாம்.

அக்காலத்தில் துறைமுகத்துக்குப் பின்னால் நெல் விளையும் குளங்களும் மக்கள் செறிந்த தலைநகரமும் இருந்தன. 13 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை வீழ்ச்சியடைந்து, குளங்கள் தூர்ந்து, மக்கள் தென்மேற்கே நகர்ந்தபின் அந்தப் பின்னிலம் காடாயிற்று. துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. அதற்குச் சரக்குத் தந்த நாடு இல்லாமற்போயிற்று.

ஐரோப்பியர் வருகை

போர்த்துக்கேயத் தளபதி கான்ஸ்டன்டினோ டி சா 1622 முதல் 1624 வரையான காலத்தில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினார். 1639 இல் ஒல்லாந்தர் கண்டி அரசனின் துணையுடன் அக்கோட்டையைக் கைப்பற்றினர்.

புயலுக்கும் இத்துறைமுகத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 1659 இல் நடந்தது. மசூலிப்பட்டினத்தில் நின்ற ஆங்கிலக் கப்பல் ஒன்று நவம்பர் மாதப் புயலில் பாய்மரத்தை இழந்து, அதைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையிறங்கிய கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிறரையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின், 1679 இல், நொக்ஸ் தப்பினார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், 17 ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தைப் பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும்.

1672 இல் பிரெஞ்சுக் கடற்படை இங்கு காலூன்ற முயன்று ஒல்லாந்தரால் விரட்டப்பட்டது. 1782 ஆம் ஆண்டில் மட்டும் துறைமுகம் இருமுறை கைமாறியது. சனவரியில் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் அதை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். ஆகத்து இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அதைப் பறித்துக்கொண்டார். செப்டம்பர் 3 அன்று துறைமுகத்துக்கு வெளியே நடந்த கடற்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. போருக்குப்பின் துறைமுகம் ஒல்லாந்தரிடம் திரும்பியது. 1795 இல் ஆங்கிலேயர் அதை மீண்டும் கைப்பற்றி, 1802 இன் அமியான் உடன்படிக்கைவழி நிலையாகப் பெற்றனர். 1803 இல் கோட்டைக்குப் பிரட்றிக் கோட்டை எனப் பெயரிட்டனர்.

துறைமுகத்தின் பெயர் தாங்கிய 'திருகோணமலை' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது.

கொழும்பு முந்தியது ஏன்?

19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பொருளாதாரம் கோப்பி, பின்னர் தேயிலை ஆகிய தோட்டப் பயிர்களைச் சார்ந்திருந்தது. தோட்டங்கள் மத்திய மலைநாட்டில் இருந்தன. 1867 இல் கொழும்பு–கண்டி தொடருந்துப் பாதை திறக்கப்பட்டதும் அவ்விளைபொருள்கள் இயல்பாகவே கொழும்புக்குச் சென்றன. 1869 இல் சுயெசுக் கால்வாய் திறக்கப்பட்டபின், ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்களுக்கும் தீவின் தென்மேற்குக் கரையே வழியில் அமைந்தது.

கொழும்பில் இயற்கைப் பாதுகாப்பு குறைவு. அக்குறையை மனித முயற்சி நீக்கியது. 1875 இல் அங்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் பணி முடிந்தது. இயற்கை திருகோணமலைக்கு இலவசமாகக் கொடுத்ததைக் கொழும்பு கல்லும் பணமும் செலவிட்டுப் பெற்றது. ஆனால் கொழும்பிடம் இருந்த பின்னிலத்தையும் கப்பல் வழியையும் திருகோணமலையால் அவ்வாறு பெற இயலவில்லை. காட்டும் மலேரியாவும் சூழ்ந்திருந்த திருகோணமலைக்கு 1920களின் பிற்பகுதியில்தான் தொடருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போர்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் சீனன்குடாவில் பெரிய எண்ணெய்த் தாங்கித் தொகுதியை அமைத்தனர். இன்று அங்கு 99 தாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 12,000 தொன்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்தியப் பெருங்கடலின் காவல் இலங்கைத் துறைமுகங்களைச் சார்ந்தது. ஏப்பிரல் 5 இல் கொழும்பைத் தாக்கிய சப்பானிய விமானங்கள், ஏப்பிரல் 9 இல் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கையால் முந்தைய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் திறந்த கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் உயிரிழந்தனர். அலைக்கும் புயலுக்கும் பாதுகாப்பான துறைமுகம் வானிலிருந்து வரும் குண்டுக்குப் பாதுகாப்பல்ல என்பது அன்று தெளிவாயிற்று. கீழைக் கடற்படை ஆப்பிரிக்கக் கரைக்குப் பின்வாங்கி, 1944 இல்தான் திருகோணமலைக்குத் திரும்பியது.

விடுதலைக்குப் பின்

1948 இல் இலங்கை விடுதலை பெற்ற பின்னரும் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமே இருந்தது. 1957 இல் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987 இன் இந்திய–இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் திருகோணமலை அளிக்கப்படாது என உறுதி கூறப்பட்டது. எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகச் சீரமைப்பது பற்றிய உடன்பாடு 2022 சனவரியில் கையெழுத்தாகியது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடற்றொழிலாளர் மீன்பிடிக்கும் நேரமும் எல்லையும் கட்டுப்படுத்தப்பட்டன. 2006 இல் சம்பூர்ப் பகுதி மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். அவர்களது நிலங்கள் 2015 இற்குப் பின்னரே படிப்படியாக விடுவிக்கப்பட்டன. குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழர், முசுலிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் வாழ்கின்றனர். துறைமுகத்தின் போர்முறைப் பயன்பாட்டை உலகம் பேசும்போது, அதன் கரையில் வலைவீசி வாழும் இவர்களைப் பற்றிய பேச்சு குறைவாகவே உள்ளது.

கப்பலுக்கு அரணான நீர், கரைவாழ் மக்களுக்கு நீண்டகாலம் தடையாகவும் இருந்தது. கிண்ணியாவுக்குச் செல்வோர் முன்பு படகுப் பாதையில் காத்திருந்தே கடந்தனர். 2009 இல் 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பின்னர் பாலங்கள் வந்தன.

இன்று துறைமுகத்தில் கடற்படைத் தளமும், கோதுமை மா ஆலை, சீமெந்து ஆலை ஆகியவற்றின் இறங்குதுறைகளும் இயங்குகின்றன. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி இன்னும் பயன்படாமலே உள்ளது. ஆழமும் அமைதியும் துறைமுகத்துக்குத் தேவையான அடிப்படை. அதைப் பெரிய வணிகத் துறைமுகமாக்குவது பின்னிலமும் வழிகளும் அமைதியான வாழ்வுமே என்பதற்குத் திருகோணமலை தெளிவான எடுத்துக்காட்டு.