சூட்டைக் குறைத்தால் பள்ளம் மூடுமா?

மார்ச் மாதம். கனடாவின் டொரன்டோ நகரில் பகலில் வெயில் எட்டிப் பார்க்கும். பனி உருகி ஓடும். இரவானால் எல்லாம் மறுபடி உறைந்துபோகும். தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோ உட்பட, நகரம் முழுக்கச் சாலைகளில் பள்ளம் விழும் சீசன் இது. முன்னால் போகும் கார் திடீரென்று ஒதுங்கினால், பின்னால் வருபவருக்குப் புரிந்துவிடும்... அங்கே ஒரு பள்ளம்!

குற்றவாளி, தண்ணீர்தான். உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவிகிதம் கூடுகிறது. விரிசலுக்குள் இறங்கிய நீர், பனிக்கட்டியாகிச் சாலையை உள்ளிருந்தே நெம்புகிறது. உருகியதும் அடித்தளம் இளகிவிடும். மேலே நாலு லாரிகள் ஏறினால் போதும், தார் பெயர்ந்து வந்துவிடும்.

'உடனே அடைக்க வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான்!

பொரி உருண்டைக் கணக்கு

ஜல்லி, மணல், தார் மூன்றையும் சுமார் 150 முதல் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலந்து, லாரியில் கொண்டுவந்து கொட்டி, ரோலர் ஓட்டுவதுதான் வழக்கமான முறை. பொரி உருண்டை பிடிப்பது போலத்தான் இதுவும். பாகு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். கலவை சுமார் 80 டிகிரிக்குக் கீழே போனால், ரோலர் ஏறினாலும் சரியாக அமுங்காது. உள்ளே காற்று இடைவெளிகள் தங்கும். அதில் நீர் இறங்கும். அடுத்த பனிக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி பள்ளம்.

கடுங்குளிரில் கலவை வேகமாக ஆறிவிடும். அதனால், குளிர் பிரதேசங்களில் கலவை ஆலைகள் பலவும் பனிக்காலத்தில் மூடப்படுகின்றன. அப்போது கைகொடுப்பது, சூடாக்காமலே போடும் 'கோல்டு மிக்ஸ்'. ஆனால், பெரும்பாலும் அது தற்காலிக ஒட்டுதான். வசந்தம் வந்ததும் தோண்டி, திரும்பவும் போட வேண்டும்.

நடுவில் ஒரு வழி

இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் 'வார்ம் மிக்ஸ்'. 1990-களில் நார்வே, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளில் உருவான தொழில்நுட்பம் இது. வழக்கத்தைவிட 20 முதல் 40 டிகிரி குறைவான சூட்டிலேயே கலவை தயாராகிவிடும்.

எப்படி? சூடான தாரில் சிறிது தண்ணீரைச் செலுத்தினால், நுரைத்துப் பொங்கி, ஜல்லியில் எளிதாகப் படியும். இன்னொரு வழி, மெழுகு சேர்த்துத் தாரை இளக்குவது. மூன்றாவது, சோப்பு போல வேலை செய்யும் ரசாயனத்தைச் சில சொட்டுகள் கலப்பது.

'குளிர் ஊரில் சூட்டைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடாதா?' நியாயமான சந்தேகம்தான். ஆனால், கலவை எவ்வளவு சூடாகப் புறப்படுகிறது என்பதைவிட, எவ்வளவு ஆறும்வரை அமுங்குகிறது என்பதே முக்கியம். வார்ம் மிக்ஸ், ஆறிய பிறகும் ரோலருக்கு இணங்கும். குளிர் அதிகமான நாள்களில் இதையே வழக்கமான சூட்டில் தயாரித்து அனுப்பினால், தொலைவில் உள்ள பள்ளத்தை அடைக்கவும் கூடுதல் நேரம் கிடைக்கும். பனிக்காலம் தொடங்கும் முன்பும், முடிந்த கையோடும் வேலை பார்க்கக் கூடுதல் நாள்களும் கிடைக்கின்றன.

குறைந்த சூட்டில் தயாரித்தால் எரிபொருள் மிச்சம். தார் கருகாததால் சீக்கிரம் மூப்படையாது. குளிரில் வெடிப்பதும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகை குறைகிறது. சாலை போடும்போது எழும் தார்ப் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2013-ல் வெளியான அறிக்கையில் வகைப்படுத்தியது. நாள் முழுக்க அந்தப் புகைக்கு நடுவே நிற்கும் தொழிலாளிக்கு ஒவ்வொரு டிகிரியும் முக்கியம்.

ஈரம் கவனம்!

குறையும் உண்டு. சூடு குறைந்தால் ஜல்லியின் ஈரம் முழுதாகக் காயாமல் போகலாம். ஈர ஜல்லியில் தார் ஒட்டாது, நாளடைவில் உரிந்துவிடும். எனவே, ஜல்லியை நன்றாக உலர்த்த வேண்டும். சுண்ணாம்பு போன்ற ஒட்டுப் பொருள்களும் தேவைப்படலாம். பள்ளத்தில் உள்ள பனியையும் சேற்றையும் வழித்தெடுத்து, காயவைத்த பிறகே கலவையைக் கொட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், எந்தக் கலவை போட்டாலும் நிற்காது.

உறைபனி கொட்டும் ஜனவரியில் இன்றும் கோல்டு மிக்ஸ்தான் பல நகரங்களுக்குத் துணை. ஆனால், ஒரே பள்ளத்தை வருடத்துக்கு இரண்டு முறை அடைப்பதை எங்கெல்லாம் தவிர்க்க முடிகிறதோ, அங்கெல்லாம் மிச்சமாவது மக்களின் வரிப்பணம். கார் டயரும்தான்!