சட்டைப்பைக்கு ஏற்ற காமிரா எது?

மாலை நேரம். வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு குழல் விளக்கு எரிகிறது. தங்கை ஏதோ குறும்பு செய்துவிட்டு ஓடுகிறாள். அதைப் பார்த்துப் பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிறார். நீங்கள் ஓடிச்சென்று காமிராவை எடுத்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள்.

படத்தைப் பார்த்தால் ஏமாற்றம்தான். சுவரெல்லாம் மணலை அள்ளித் தூவினாற்போல் புள்ளிகள். தங்கை வெறும் கலங்கிய நிழலாக இருக்கிறாள். பாட்டியோ சிரித்து முடித்து வாயை மூடிக்கொண்டுவிட்டார். ஆனால் காமிராவின் பெட்டியில் ‘20 மெகாபிக்ஸல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது!

புள்ளி, கலக்கம், தாமதம் என்ற இந்த மூன்று குறைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. அவற்றைத் தெரிந்துகொண்டால், சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் காமிராக்களுள் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இதற்குத் தேவையான அறிவியல் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பத்தாயிரம் புள்ளிகளில் தொடங்கிய கதை

1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர், ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கக்கூடிய ஒரு சிலிக்கான் சில்லுக்கு வழி கண்டனர். இதற்காக 2009ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1975ல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், அத்தகைய சில்லு ஒன்றை வைத்து ஒரு காமிராவை அமைத்தார். அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோகிராம். படத்தில் 100 வரிசை, வரிசைக்கு 100 புள்ளி. ஆக மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன.

இந்தப் புள்ளிகளைத்தான் பிக்ஸல் என்கிறோம். பத்து லட்சம் பிக்ஸல் சேர்ந்தது ஒரு மெகாபிக்ஸல். சாசனின் காமிராவில் இருந்தது 0.01 மெகாபிக்ஸல் மட்டுமே. பின்னர் இந்த எண் ஏறிக்கொண்டே போயிற்று. எண் பெரிதானால் காமிராவும் சிறந்தது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. அந்த எண்ணம் சரிதானா?

மழையும் பாத்திரமும்

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு சிறு கிண்ணத்தையும் ஓர் அகன்ற அண்டாவையும் வையுங்கள். ஒரே மழைதான். ஆனால் அண்டாவில் அதிக நீர் சேரும். அதன் வாய் அகன்றது அல்லவா?

ஒளியும் இப்படித்தான். ஃபோட்டான் என்னும் துகள்களாக அது சில்லின் மீது பொழிகிறது. மழைத்துளிகளைப் போலவே ஃபோட்டான்களும் ஒழுங்காக எண்ணி வைத்தாற்போல் விழுவதில்லை. ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் விழுகின்றன. சராசரியாக 100 ஃபோட்டான் விழும் பிக்ஸலில் ஏறத்தாழ 10 கூடலாம், குறையலாம். 10,000 விழும் பிக்ஸலில் ஏறத்தாழ 100 கூடலாம், குறையலாம். அதாவது, ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம். முதலாவதில் பிழை நூற்றுக்குப் பத்து. இரண்டாவதில் நூற்றுக்கு ஒன்றுதான். ஒரே நிறமான சுவர் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது இந்தப் பிழையால்தான். இதற்கு ‘இரைச்சல்’ என்று பெயர். ஒளி குறையக் குறைய இரைச்சல் எடுப்பாகத் தெரியும்.

ஆகவே, காமிராவில் முதலில் பார்க்க வேண்டியது ஒளியை வாங்கும் சில்லின் பரப்பு. மலிவான சிறு காமிராக்கள் பலவற்றில் சில்லின் அளவு ஏறத்தாழ 6.2 மி.மீ. × 4.6 மி.மீ.; பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. சோனி நிறுவனம் 2012ல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100 என்ற சட்டைப்பைக் காமிராவில் 13.2 மி.மீ. × 8.8 மி.மீ. அளவுள்ள சில்லு இருந்தது. அதன் பரப்பு 116 சதுர மி.மீ., அதாவது நான்கு மடங்கு! இரண்டிலும் 20 மெகாபிக்ஸல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பிக்ஸலுக்கு 1.4 சதுர மைக்ரான் இடம், மற்றதில் 5.8 சதுர மைக்ரான். பெட்டியின் மேல் ஒரே எண். உள்ளே ஒன்று கிண்ணம், மற்றது அண்டா.

சில்லின் அளவைக் குறிக்கும் முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. முதலாவதை ‘1/2.3 அங்குலம்’ என்றும் இரண்டாவதை ‘1 அங்குலம்’ என்றும் எழுதுவார்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆனால் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு 13.2 × 8.8 செவ்வகத்தின் மூலைவிட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 15.9 மி.மீ.தான் வரும். இது பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் குறித்த வழக்கம். குழாய் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே மில்லிமீட்டர் கணக்கையே பாருங்கள்.

எத்தனை மெகாபிக்ஸல் போதும்?

ஒரு சிறு கணக்கு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். ஆல்பத்தில் ஒட்டும் 6 × 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200 = 21,60,000 பிக்ஸல்; அதாவது 2 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல். ஏ4 தாள் முழுவதும் அச்சிட்டாலும் 9 மெகாபிக்ஸலுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் கூடுதல் பிக்ஸலால் நுணுக்கம் கூடாதா? அதற்கு ஒளியே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. சிறு துளை வழியே செல்லும் ஒளி சற்றே பரவுவதை ‘விளிம்பு விளைவு’ என்று படித்திருப்பீர்கள். இதனால் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகவே விழும். எஃப்/6 என்ற துவாரத்தில் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 8 மைக்ரான். நாம் பார்த்த சிறு சில்லில் ஒரு பிக்ஸலின் அகலமோ 1.2 மைக்ரான். ஒரு புள்ளியின் பிம்பமே ஆறேழு பிக்ஸல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது! அங்கே பிக்ஸலை இரட்டிப்பாக்குவது, மழுங்கிய பென்சிலால் எழுத மிக நுண்ணிய கோடு போட்ட தாள் வாங்குவதைப் போன்றது.

இதை உணர்ந்து பின்வாங்கிய நிறுவனமும் உண்டு. கேனன் நிறுவனம் 2008ல் வெளியிட்ட ஜி10 காமிராவில் 14.7 மெகாபிக்ஸல் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜி11ல் அதை 10 ஆகக் குறைத்தது. மங்கிய ஒளியில் மேலான படம் தருவதே நோக்கம். எண்ணைக் குறைத்துக் காமிராவை மேம்படுத்தினார்கள்!

லென்ஸின் வாய்

மழையைப் பிடிக்கப் பாத்திரம் இருந்தால் மட்டும் போதாது. கூரையில் விழும் துவாரமும் பெரிதாக இருக்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துவார விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். எண் சிறியதானால் துவாரம் பெரிது. ஒளியின் அளவு அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். எஃப்/4ஐ விட எஃப்/2 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

லென்ஸின் விளிம்பில் இரண்டு எஃப் எண்கள் பொறித்திருப்பதைக் காணலாம். 2009ல் வந்த கேனன் எஸ்90ல் அவை 2.0, 4.9. முதலாவது அகன்ற காட்சிக்கு. இரண்டாவது, ஜூம் செய்து தொலைவில் உள்ளதை அருகில் கொண்டுவரும் நிலைக்கு. ஜூமை முழுவதும் நீட்டினால் ஒளி ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே வீட்டுக்குள் படமெடுக்கும்போது ஜூமைத் தொடாமல், நீங்களே இரண்டடி முன்னே செல்வதுதான் நல்லது.

‘டிஜிட்டல் ஜூம்’ என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அங்கே லென்ஸ் நகர்வதே இல்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு மடங்கு ஜூம் என்றால் பிக்ஸல்களில் கால் பங்குதான் மிஞ்சும்.

ஓடும் தங்கையும் மூடிய வாயும்

தங்கை கலங்கியது ஏன்? ஒளி போதாததால் காமிரா தன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தது. அதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு பல காமிராக்களில் உண்டு. கட்டடம், பூந்தொட்டி, அமர்ந்திருக்கும் பாட்டி ஆகியோரைப் படமெடுக்க அது உதவும். ஆனால் அது உங்கள் கையைத்தான் சமாளிக்கும். தங்கையின் காலை அல்ல! ஓடுபவரை உறைய வைக்கக் குறுகிய ஷட்டர் நேரம் வேண்டும். அதற்கு ஒளி வேண்டும். பெரிய சில்லும் பெரிய துவாரமும் இங்கேயும் கைகொடுக்கின்றன.

பாட்டியின் சிரிப்பு தப்பியதற்குக் காரணம் குவியப்படுத்தும் தாமதம். சிறு காமிராக்களில் பெரும்பாலானவை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, பிம்பம் எங்கே மிகத் தெளிவாகிறது என்று தேடுகின்றன. மங்கிய ஒளியில் இந்தத் தேடல் நீளும். இதற்கு ஒரு செலவில்லாத மருந்து உண்டு. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். காமிரா அப்போதே குவியப்படுத்திக் காத்திருக்கும். சிரிப்பு மலரும் கணத்தில் மீதியை அழுத்துங்கள்.

கைபேசி போதாதா?

நியாயமான கேள்வி. 2010ல் உலகெங்கும் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை சட்டைப்பைக் காமிராக்களே. 2023லோ, லென்ஸ் கழற்ற முடியாத காமிராக்கள் எல்லாம் சேர்ந்தும் 20 லட்சத்தை எட்டவில்லை. கைபேசி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கைபேசியின் சாமர்த்தியம் கணக்கில் இருக்கிறது. அது பல படங்களை மளமளவென்று எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. 9 படங்களின் சராசரியை எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே வர்க்கமூல விதிதான்! ஆகவே வீட்டில் நல்ல கைபேசி இருந்தால், சிறு சில்லும் சிறு துவாரமும் கொண்ட மலிவுக் காமிராவுக்கு உண்டியலை உடைக்காதீர்கள். உண்மையான லென்ஸ் ஜூம் வேண்டும், ஓட்டத்தை உறைய வைக்கும் செனான் மின்வெட்டு விளக்கு வேண்டும், அல்லது படமெடுக்கும் கலையைப் பிற கவனச் சிதறல் இல்லாமல் பழக வேண்டும் என்றால் மட்டும் காமிராவை நாடுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

மாணவர்கள் பலருக்கும் எட்டுவது, ஒருவர் பயன்படுத்திய காமிராதான். அதில் தவறில்லை, ஆனால் சோதித்து வாங்க வேண்டும்.

1. லென்ஸைக் கையால் மூடி ஒரு படம் எடுங்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் நிலையாகத் தெரிந்தால் சில பிக்ஸல்கள் பழுது.

2. வெள்ளைச் சுவரை ஜூம் நீட்டிப் படமெடுங்கள். மங்கிய கறைகள் ஒரே இடத்தில் வந்தால் உள்ளே தூசி.

3. காமிராவைப் பத்து முறை அணைத்துப் போடுங்கள். லென்ஸ் தயங்காமலும் கரகரக்காமலும் நீள வேண்டும்.

4. மின்கலம் இன்றும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நினைவக அட்டையையும் கவனியுங்கள். 2006க்கு முந்தைய காமிராக்கள் பல 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை.

5. கடைசியாக, கடையின் இருண்ட மூலையில் உங்கள் நண்பரைக் கையசைக்கச் சொல்லிப் படமெடுங்கள். புள்ளி, கலக்கம், தாமதம் மூன்றும் ஒரே சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

காமிரா ஒரு கருவிதான். ஆனால் போன கணத்தை எந்தக் கருவியாலும் திரும்ப அழைக்க முடியாது. அடுத்த முறை பாட்டி சிரிக்கும்போது, விளக்குக்கு அருகே அவரை அமர்த்தி, பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருங்கள். உங்கள் தங்கை மீதியைப் பார்த்துக்கொள்வாள்!