வெல்டிங் வைத்த அலாய் வீலில் வேகமாகப் போகலாமா? கார் டிரைவர்களே உஷார்!

சென்னை,

மழை பெய்தால் ரோட்டுப் பள்ளம் எல்லாம் குட்டை ஆகிவிடும். தண்ணீர் நிற்பதால் ஆழம் தெரியாது. 'டமால்' என்று கார் இறங்கி ஏறும். டயரில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் உள்ளே இருக்கும் அலாய் வீல் நசுங்கியிருக்கும், இல்லாவிட்டால் விரிசல் விட்டிருக்கும்.

புது வீல் என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. "வெல்டிங் வெச்சு பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்ணே" என்று பட்டறையில் சொன்னால் மனசு அந்தப் பக்கம்தான் போகும்.

அந்த வீலை நம்பி குடும்பத்தோடு பைபாசில் போகலாமா? எந்த இடத்தில், என்ன அடி என்பதைப் பொறுத்ததுதான் பதில்.

சிவக்காத உலோகம்

அலாய் வீல் என்பது அலுமினியத்தோடு சிலிக்கான், மெக்னீசியம் கலந்து வார்த்தது. வார்த்தால் மட்டும் பலம் வந்துவிடாது. பேக்டரியில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, பிறகு 150 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். அந்தப் பக்குவத்தில்தான் பலமே இருக்கிறது.

வெல்டிங் வைக்கும்போது அந்தப் பக்குவம் கெட்டுப்போகிறது. ஒட்டிய இடம் கெட்டியாகத் தெரியும். ஆனால் அதை ஒட்டி சுற்றிலும் உள்ள பகுதி மெதுவாகிவிடும். மறுபடியும் அங்கேதான் விரிசல் விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்பைக் காய்ச்சினால் சிவக்கும். அதைப் பார்த்து சூட்டைக் கணிக்கலாம். அலுமினியம் சிவக்காது. நிறம் மாறாமலே இருந்து திடீரென்று உருகிவிடும். எனவே கேஸ் பர்னரை வைத்து கண்பார்வையில் சூடு காட்டி நிமிர்த்தினால், எவ்வளவு சூடு ஏறியது என்று அடிப்பவருக்கே தெரியாது.

கிலோமீட்டருக்கு 500 சுற்று

15 இஞ்ச் வீல் ஒரு கிலோமீட்டர் ஓட 500 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். சென்னையில் இருந்து திருச்சி போய்ச் சேருவதற்குள் ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் காரின் எடையால் வீல் துளி வளைந்து நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் 'படக்' என்று ஒடிகிறதே, அதே கதைதான். முடி போன்ற விரிசல்கூட மெல்ல மெல்ல வளரும்.

டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதே வீல்தான். வேகத்தில் போகும்போது வீல் பிளந்தால் காற்று மொத்தமும் இறங்கி, ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும்.

எதை ரிப்பேர் செய்யலாம்?

* பிளாட்பாரத்தில் உரசிய சிராய்ப்பு, பெயிண்ட் போனது: பாலிஷ் போட்டு சரி செய்யலாம். பயம் இல்லை.

* ஓர விளிம்பில் லேசான நசுங்கல்: மெஷினில் வைத்து நிமிர்த்தலாம். சுத்தியல் அடி கூடாது. பிறகு விரிசல் டெஸ்ட்டும், வீல் பேலன்சிங்கும் அவசியம்.

* விரிசல், துண்டு உடைந்து போனது: வெல்டிங் வேண்டாம். ஸ்போக் கம்பிகளிலோ, போல்ட் மாட்டும் இடத்திலோ அடி என்றால் யோசிக்கவே வேண்டாம். காயலான் கடைக்குத்தான்.

விரிசல் டெஸ்ட் பெரிய வித்தை இல்லை. சிவப்பு சாய ஸ்பிரே அடித்து, துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு வெளியே தெரியும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால்...

சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, முன்பக்க பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. டயர் மாட்டாத வீலாகக் கேட்டு, உள்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளத்து அடி பெரும்பாலும் உள்பக்க விளிம்பில்தான் விழும். மேடு தட்டினாலோ, ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலோ வேண்டாம் என்று வந்துவிடலாம்.

ஏற்கனவே ரிப்பேர் செய்த வீலில் ஓடுபவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே டயரில் மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காற்று குறைகிறதா? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறதா? அப்படியென்றால் உடனே வீலைக் கழற்றி, உள்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

புது அலாய் வாங்க கையில் காசு இல்லையா? அதே கார் மாடலுக்கு, அதே அளவில் வரும் இரும்பு ரிம்மைக் கேட்டு மாட்டலாம். விலை குறைவு. அடிபட்டால் விரிசல் விடுவதை விட நசுங்குவதுதான் அதிகம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ராத்திரி வண்டி பத்திரமாக வீடு வந்து சேரும்.