நெல்லுக்கு வேலியிட்ட நாதன்

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களுள் பலர் ஏதேனும் ஒரு வேண்டுதலோடு வருகின்றனர். மகளுக்கு மணம், மகனுக்கு வேலை, நோய்க்குத் தீர்வு, மகப்பேறு என அவை பலவாம். சில கைகூடுகின்றன, சில ஆண்டுகள் பல கடந்தும் கைகூடுவதில்லை. அந்நிலையில், ‘இறைவன் என்னைக் கைவிட்டானோ?’ என்று உள்ளம் சோர்வது இயல்பே. அச்சோர்வு நீக்கும் மருந்து நம் பொருநைக் கரையிலேயே உள்ளது.

வேணுவனம் எனப்பட்ட இவ்வூரில் வேதசர்மர் என்னும் அடியார் வாழ்ந்தார். வறுமையிலும் நெல்லை இரந்து பெற்று, நாள்தோறும் இறைவனுக்குத் திருவமுது படைத்து வந்தார். ஒருநாள் நெல்லைச் சந்நிதியின்முன் உலர்த்திவிட்டுத் தாமிரபரணிக்கு நீராடச் சென்றார். பெருமழை பெய்தது. அவர் பதறி ஓடிவந்தார். சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் வேலியிட்டாற்போல் நனையாதிருந்தது. அதனால் இறைவன் நெல்லையப்பர் ஆனார்; ஊர் திருநெல்வேலி ஆயிற்று என்பது தலவரலாறு. தைப்பூசத் திருவிழாவில் இத்திருவிளையாடல் ஆண்டுதோறும் நிகழ்த்தப்பெறுகிறது.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். ‘இறைவன் காப்பான்’ என்று வேதசர்மர் ஆற்றிலேயே நின்றுவிடவில்லை. நெல்லைக் காக்க ஓடிவந்தார். நம்பிக்கை என்பது முயற்சியைக் கைவிடுதல் அன்று.

எனினும், ‘எல்லா மழைக்கும் இறைவன் வேலியிடுகின்றானா?’ என்று கேட்போர் உளர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பேய்மழையால் இப்பொருநையே கரைபுரண்டது. வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின, உயிர்களும் மாண்டன. அவ்விழப்பின் காரணத்தை முற்றும் அறிந்து உரைக்க வல்லார் எவருமிலர். ஆயினும் அவ்விரவில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். தாமும் வெள்ளத்தால் வருந்திய அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்தம் பசியாற்றினர். அன்று வேலி மனிதர் கைகளாக வந்தது. திருவருள் நாம் எண்ணிய வடிவிலேயே வருதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துள்ள ஆழ்வார்திருநகரியும் இதனையே உணர்த்துகிறது. காரியாரும் உடையநங்கையாரும் திருக்குறுங்குடி நம்பியை வேண்டி ஒரு மகவைப் பெற்றனர். அம்மகவோ அழவில்லை, பாலுண்ணவில்லை, பேசவுமில்லை. பெற்றோர் அதனை ஆதிநாதர் திருக்கோயிலில் சேர்த்தனர். புளியமரத்தடியில் அக்குழந்தை பதினாறு ஆண்டுகள் வாய் திறவாது வீற்றிருந்தது. பின்னர் மதுரகவியார் வந்து வினவியபோதுதான் திருவாய் மலர்ந்தது. அவரே நம்மாழ்வார். அவர் அருளிய திருவாய்மொழி 1102 பாசுரங்களைக் கொண்டது. அப்புளியமரம் இன்றும் அக்கோயிலில் வணங்கப்பெறுகிறது.

பெற்றோர் விரும்பியது வீட்டில் தவழ்ந்து மழலை பேசும் பிள்ளையை. அவ்விருப்பம் நிறைவேறவில்லை; உலகமோ ஓர் ஆழ்வாரைப் பெற்றது. ஆயின் அப்பதினாறு ஆண்டுகளில் இம்முடிவைப் பெற்றோர் எங்ஙனம் அறிந்திருத்தல் கூடும்? முடிவு தெரிந்தபின் நம்புதல் யார்க்கும் எளிது. தெரியாத நாளிலும் திருவடியை விடாதிருத்தலே நம்பிக்கையாகும்.

ஆதலின் அன்பர்களே, வேண்டுவதை விடாது வேண்டுங்கள். நோய்க்கு மருத்துவரை நாடுங்கள், தொழிலுக்கு உழையுங்கள். வேண்டியது வரத் தாழ்க்குமாயின், வந்திருப்பது யாது என்று அமைதியாக நோக்குங்கள். அயலார் துயரில் நீங்களே ஒரு வேலியாய் நில்லுங்கள். நெல்லையப்பர், காந்திமதியம்மை திருவருள் என்றும் துணைநிற்பதாகுக.