உங்களுக்குத் தெரியுமா? சாணித் தண்ணீரைக் குடிக்கும் பாசி!

மாட்டுத் தொழுவம் கழுவிய தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். வயலுக்கு நல்லதுதான், ஆற்றில் கலந்தாலோ பாசி மண்டும், அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு இது தீராத தலைவலி.

அந்த விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில், கெடுக்கிற பாசியையே வேலைக்கு வைத்தார்கள். சரிவான தளத்தில் வலை விரித்து, நீர்த்த சாணக் கரைசலை ஓடவிட்டால், வலைமேல் புல்தரைபோல் பாசி படர்ந்து சத்துகளை உறிஞ்சிக்கொள்ளும். சூட்சுமம் அறுவடையில் இருக்கிறது: அவ்வப்போது வழித்தெடுக்காவிட்டால் பாசி அழுகி, சத்து மறுபடி நீருக்கே போய்விடும். காயவைத்த பாசியை மக்காச்சோளம், வெள்ளரி நாற்றுகளுக்கு இட்டுப் பார்த்தார்கள். கடை உரத்துக்கு ஈடாகவே வளர்ந்தன.

இத்தனைக்கும் இந்த உத்தி மாட்டுப் பண்ணைக்காகப் பிறந்ததல்ல. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, பவளப்பாறைத் தொட்டிகளின் நீரைச் சுத்தமாக வைக்க உருவாக்கியது!