மடி மட்டும் போதுமா?

"கைக்குழந்தைக்குத் தாய்மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா?" பெருநாள் காலத்தில் ஊர் திரும்பும் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. என் வீட்டிலும் எழுந்தது. அக்காள் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் பயணம். "புள்ளைய ஏன்பா கட்டிப் போடுறீங்க? நான் மடியில வச்சுக்கிறேன்" என்றார் பாட்டி. பொறியியல் படித்தவன் என்பதால் விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. அது மோதி 0.1 நொடியில் நின்றால், 7 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 100 கிலோ சுமையைத் தாங்கும் பலம் வேண்டும். பத்துக் கிலோ அரிசிப் பைகள் பத்தினை ஒரே நேரத்தில் ஏந்துவதற்கு ஒப்பானது அது. பாசம் எவ்வளவு இருந்தாலும் கைகள் தாங்கா. பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அப்ப நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றார்.

மலேசியாவில் தனியார் கார்களில் குழந்தை இருக்கை 1.1.2020 முதல் கட்டாயம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளோருக்கு ஏற்ற பாதுகாப்புச் சாதனம் தேவை. ஆனால், இருக்கையை வாங்கினால் மட்டும் போதாது; முறையாகப் பயன்படுத்தவும் வேண்டும்.

முதலாவது, திசை. பச்சிளங்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரியது, கழுத்தோ உறுதிப்படாதது. காரின் பின்புறத்தை நோக்கி அமர்த்தினால், மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும், கழுத்து தப்பும். ஆர்129 தரவிதிப்படி 15 மாதம் வரையாவது இந்நிலை வேண்டும்.

இரண்டாவது, இடம். முன்னிருக்கையில் காற்றுப்பை இயங்கும் நிலையில் இருந்தால், பின்னோக்கிய இருக்கையை அங்கே ஒருபோதும் வைக்கலாகாது. வெடித்து விரியும் பை குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடும்.

மூன்றாவது, வார். பின்னோக்கிய இருக்கையில் தோள்வார், தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். தோளருகே வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே கட்டாதீர்கள். முதலில் வாரை மாட்டுங்கள். குளிர்சாதனக் காற்று பட்டால் மேலே போர்த்துங்கள். நம் வெயிலில் நின்ற காரில் கொக்கி சுடும். தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நான்காவது, பழைய இருக்கை. உறவினர் தருவது நல்ல மனத்தோடுதான். எனினும் அது விபத்தில் சிக்கியதா, காலாவதியானதா, தரச்சான்று ஒட்டி உள்ளதா என்று கேட்பதில் தவறில்லை.

நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் ஓய்விடத்தில் நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். காரில் தனியே மட்டும் விட்டுச் செல்லாதீர்கள்.

நம் பேரவையின் முன்னாள் மாணவர் பலர் இன்று பெற்றோர். அடுத்த பெயர் சூட்டு விழாவிற்கு ஆளுக்கொரு பரிசு வாங்காமல், நண்பர்கள் சேர்ந்து நல்ல இருக்கை ஒன்றை வாங்கிக் கொடுப்போமே! பொருத்தவும் கூடவே உதவுவோம்.